ரெயில் நிற்கிறது; கார் ஏன் நிற்கவில்லை?

பட்டாபிராம் ஸ்டேஷன். காலை நேரம்.

திருவள்ளூரில் இருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் வருகிறது. ஒரே கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், கூடையோடு வியாபாரத்துக்குப் போகும் பெண்கள். எல்லோருக்கும் அவசரம்.

முன்னால் இருக்கும் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. ரெயில் நின்று விடுகிறது.

ரெயிலை ஓட்டுகிறவர் என்ன நினைக்கிறார்? "விளக்கு கெட்டுப் போயிருக்கும். போய்த்தான் பார்ப்போமே" என்று நினைக்கிறாரா?

இல்லை. சிவப்பு என்றால் நில். அவ்வளவுதான்.

அதே பட்டாபிராம். ஞாயிற்றுக்கிழமை. ஒரு குடும்பம் காரில் புறப்படுகிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு குழந்தைகள். வண்டலூர் மிருகக் காட்சி சாலையைப் பார்க்கப் போகிறார்கள். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் வண்டலூர் சுமார் 30 கிலோ மீட்டர்தான்.

பாதி வழியில் அப்பாவின் கண் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. மூக்கு வைத்த கிண்டி போல ஒரு படம்.

"என்னங்க, ஏதோ சிவப்பா எரியுதே?" என்று அம்மா கேட்கிறாள்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது? சாயங்காலம் மெக்கானிக்கிட்ட காட்டிக்கலாம்" என்கிறார் அப்பா.

கார் நிற்கவில்லை. சிறிது நேரத்தில் என்ஜினில் இருந்து "கடகட" என்று சத்தம். பிறகு கார் தானாகவே நின்று விடுகிறது. கொளுத்தும் வெயில். நடுச்சாலை. பின்னால் லாரிகள் பறந்து வருகின்றன. குழந்தைகள் அழுகின்றன.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. கார் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

ரெயிலில் சிவப்பு விளக்குக்கு இருக்கும் மரியாதை, காரில் ஏன் இல்லை?

சேறு தடுத்த பலகை

டிரைவருக்கு முன்னால் இருக்கும் பலகைக்கு "டாஷ்போர்டு" என்று பெயர். இந்தப் பெயர் மோட்டார் காலத்துப் பெயர் அல்ல. குதிரை வண்டிக் காலத்துப் பெயர்!

குதிரை ஓடும்போது அதன் குளம்பு சேற்றை வாரி அடிக்கும். அந்தச் சேறு வண்டிக்காரர் மீது படாமல் இருக்க, வண்டிக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதுதான் டாஷ்போர்டு. பிறகு குதிரை போயிற்று. மோட்டார் வந்தது. பலகை மட்டும் நின்று விட்டது. அதில் மீட்டர்களைப் பொருத்தினார்கள்.

அன்று அந்தப் பலகை சேற்றில் இருந்து காப்பாற்றியது. இன்று ஆபத்தில் இருந்து காப்பாற்றுகிறது. ஆனால், அதைப் பார்க்க வேண்டுமே!

முள் எப்படி ஆடுகிறது?

வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்காத குழந்தை இல்லை. அது எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ஸ என்பவர் 1902-ம் ஆண்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சக்கரம் சுற்றும்போது ஒரு கம்பியும் சேர்ந்து சுற்றும். கம்பியின் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றை ஒன்று தொடுவது இல்லை. ஆனாலும் காந்தம் சுற்றினால், கிண்ணத்தில் மின்சாரம் பிறக்கிறது. அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கிறது. மெல்லிய சுருள் கம்பி ஒன்று, "போதும், நில்" என்று கிண்ணத்தைப் பிடித்துக் கொள்கிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும். முள்ளும் மேலே ஏறும்.

அம்பாசிடர் கார்கள் முதல் பழைய ஸ்கூட்டர்கள் வரை இந்த முறையில்தான் வேகம் காட்டின. புதிய வண்டிகளில் கம்பி இல்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை ஒரு சிறு மின்கருவி எண்ணுகிறது. கணக்குப் போட்டு எண்ணாகக் காட்டுகிறது.

இதில் ஒரு ரகசியம் உண்டு. ஐக்கிய நாடுகளின் 39-வது வாகன விதி என்ன சொல்கிறது? மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். ஏன்? மீட்டர் தப்பு செய்தாலும், அது உயிரைக் காப்பாற்றும் தப்பாக இருக்க வேண்டும்!

பெட்ரோல் டாங்கியில் ஒரு மிதவை

பெட்ரோல் முள்ளின் கதை இன்னும் எளிது. டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும். இறங்கினால் இறங்கும். மிதவையோடு ஒரு கை சேர்ந்திருக்கிறது. அந்தக் கை ஆட ஆட, கம்பியில் ஓடும் மின்சாரம் கூடிக் குறையும். அதற்குத் தக்கபடி முள் ஆடும்.

மேம்பாலத்தில் ஏறும்போது முள் மாறிக் காட்டுகிறதே, ஏன்? வண்டி சாய்கிறது. பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. மிதவை ஏமாந்து போகிறது. சமமான சாலையில் பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

"கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் மிச்சம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது மிச்சம் அல்ல, நஷ்டம். இன்றையப் பெட்ரோல் கார்களில் பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோலில் மூழ்கி இருப்பதால்தான் அதற்குக் குளிர்ச்சி. பெட்ரோல் வற்றினால் பம்பு சூடாகும். ஐம்பது ரூபாய் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்தவர், பம்புக்கு ஆயிரக் கணக்கில் கொடுக்க நேரிடும்.

பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில் சிறிய அம்புக்குறி இருக்கிறதே, அதைக் கவனித்தவர் எத்தனை பேர்? டாங்கியின் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது காட்டுகிறது. 1986-ம் ஆண்டு, போர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் மொய்லன் என்பவர் மழையில் பெட்ரோல் போடப் போனார். காரைத் தப்பான பக்கம் நிறுத்தி விட்டார். மழையில் நனைந்தார். அப்போது தோன்றிய யோசனைதான் அந்த அம்பு! இன்று உலகம் முழுவதும் கார்களில் அது இருக்கிறது.

மூன்று நிறம், மூன்று கட்டளை

விளக்குகளுக்கு வருவோம்.

இவற்றைப் படிக்க ஆங்கிலம் தெரிய வேண்டியது இல்லை. எழுத்தே தெரிய வேண்டியது இல்லை. எல்லாம் படங்கள். எந்தப் படம் எதைக் குறிக்கும் என்று உலகத் தர அமைப்பு விதி வகுத்திருக்கிறது. ஜப்பானில் செய்த காரிலும் ஒரே கிண்டிதான். ஒரகடத்தில் செய்த காரிலும் அதே கிண்டிதான்.

நிறம்தான் முக்கியம்.

சிவப்பு: ஆபத்து, நில்!

மஞ்சள்: ஏதோ கோளாறு; சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு.

பச்சை, நீலம்: ஒரு வேலை நடக்கிறது. பயம் இல்லை.

நீல விளக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முன்விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது என்பதற்கு அடையாளம் அது. ஓட்டுகிறவருக்கு அதனால் ஆபத்து இல்லை. எதிரில் வருகிறவருக்கு ஆபத்து. அவருக்குக் கண் கூசும். இரவில் திருவள்ளூர் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

கிண்டி விளக்கு

சிவப்பு விளக்குகளில் முதல் இடம் கிண்டி விளக்குக்கு. இது ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு.

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உராய்கின்றன. நிமிடத்துக்கு ஆயிரக் கணக்கான முறை சுற்றுகின்றன. இடையில் மெல்லிய ஆயில் படலம் இருப்பதால்தான் அவை தேயாமல் இருக்கின்றன. ஒரு பம்பு அந்த ஆயிலை எல்லா இடத்துக்கும் தள்ளுகிறது. தள்ளுகிற வேகம் இருக்கும் வரை, விளக்கின் ஸ்விட்ச் அணைந்தே இருக்கும். ஆயில் தள்ளப்படவில்லை என்றால் ஸ்விட்ச் மூடும்; விளக்கு எரியும்.

ஆகவே, இந்த விளக்கு எரிந்தால் அர்த்தம் என்ன? "ஆயில் கொஞ்சம் குறைவு, நாளைக்கு ஊற்றலாம்" என்பது அல்ல. "இந்த நிமிடம் இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன" என்பதே. சில நிமிடம் ஓட்டினாலும் என்ஜின் பாழாகலாம். பாதையின் இடது ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும். மறுபடி ஓட்டக் கூடாது.

சூடு, மின்சாரம், பிரேக்

தண்ணீரில் நிற்கும் வெப்பமானி போல இன்னொரு படம் உண்டு. என்ஜின் சூடாகி விட்டது என்று அது சொல்கிறது. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் ஒரு சிறு மின்கருவி இருக்கிறது. சூடு ஏறினால் அதில் மின்சாரம் ஓடும் அளவு மாறும். அதை வைத்து முள் ஏறும். அல்லது விளக்கு எரியும்.

1912-ம் ஆண்டு அமெரிக்காவில் பாய்ஸ் என்ற பெயரில் வந்த வெப்பமானியை ரேடியேட்டரின் மூடி மேலேயே பொருத்தினார்கள். டிரைவர் கண்ணாடி வழியாக அதை எட்டிப் பார்ப்பார். இன்று அது கண் முன்னாலேயே வந்து விட்டது. ஆனால் பார்க்கிறவர்தான் குறைவு!

இதில் வேறோர் ஆபத்தும் உண்டு. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர் குக்கரில் "வெயிட்"டை அவசரமாக எடுத்தால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். என்ஜினை அணைத்து, நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

பேட்டரிப் படம் எரிந்தால், பேட்டரி கெட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் அது வேறொரு செய்தியைச் சொல்கிறது. ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவிக்கு ஆல்டர்னேட்டர் என்று பெயர். பழைய மெக்கானிக்குகள் இன்றும் "டைனமோ" என்பார்கள். 1961-ம் ஆண்டு பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை செய்யும் சாமான்களில் இதுவும் ஒன்று. அது மின்சாரம் கொடுக்கவில்லை என்றால் விளக்கு எரியும். அப்போது கார், பேட்டரியில் உள்ள சேமிப்பில் ஓடுகிறது. சம்பளம் நின்ற வீடு, உண்டியல் காசில் ஓடுவது போல! உண்டியல் காலியானால் கார் நிற்கும். அதற்குள் ஏ.சி.யை அணைத்து விட்டு, பக்கத்தில் உள்ள மெக்கானிக்கிடம் போய்ச் சேர வேண்டும். சூடு காட்டும் முள்ளும் ஏறினால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெல்ட் அறுந்திருக்கக் கூடும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள சிவப்பு விளக்கு பிரேக் விளக்கு. கைப்பிரேக் போட்டிருந்தால் எரியும். கைப்பிரேக்கை எடுத்த பிறகும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அதோடு ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

மஞ்சள் விளக்குக்குப் பயம் வேண்டாம்

மஞ்சள் விளக்கைப் பார்த்தவுடன் நடுச்சாலையில் பிரேக் போடுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு.

என்ஜின் படம் மஞ்சளாக நின்று எரிந்தால், மெதுவாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் காட்டலாம். விட்டு விட்டு எரிந்தால் விஷயம் வேறு. பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக் குழாய்க்குப் போகிறது. அங்குள்ள விலை உயர்ந்த சாமானைச் சுட்டு விடும். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துவது நல்லது.

"ஏ.பி.எஸ்." என்று மஞ்சளாக எரிந்தால் பிரேக்கே இல்லை என்று அர்த்தம் அல்ல. பிரேக் பிடிக்கும். ஆனால் திடீர் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏற்பாடு வேலை செய்யாது. மழை நாளில் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

கார் இல்லாத வீடுகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி புதிய புகை விதி அமலுக்கு வந்தது. அதன் பிறகு வந்த மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களிலும் என்ஜின் விளக்கு இருக்கிறது. பல வண்டிகளில் பக்கத் தாங்கியைக் காட்டும் விளக்கும் உண்டு. தாங்கியை மடக்காமல் புறப்பட்டால், இடது பக்கம் திரும்பும்போது அது தரையில் இடித்து ஆளைக் கவிழ்க்கும்.

மணியின் வாயை அடைத்தவர்கள்

விளக்கைப் பார்க்காமல் இருப்பது ஒரு தப்பு. விளக்கின் வாயையே அடைப்பது அதைவிடப் பெரிய தப்பு.

பெல்ட் போடாவிட்டால் காரில் மணி அடிக்கும். அந்த மணியை ஏமாற்ற ஒரு சாமான் விற்றார்கள். பெல்ட் சொருகும் இடத்தில் அதைச் சொருகினால் போதும். பெல்ட் போட்டு விட்டதாகக் கார் நம்பி விடும்! மணி நின்று விடும்.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, டாட்டா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினர். நாடே அதிர்ந்தது. பெல்ட் பற்றிய பேச்சு எழுந்தது. 2023-ம் ஆண்டு மே மாதம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த ஏமாற்றுச் சாமான்களின் விற்பனையைத் தடுக்க உத்தரவிட்டது. இணையத்தில் பொருள் விற்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் பக்கங்களில் இருந்து நீக்கப்பட்ட விளம்பரங்கள் எத்தனை தெரியுமா? 13,118!

யாரை ஏமாற்ற இத்தனை சாமான்? காரையா? போலீசையா? இல்லை. தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்வதற்குக் காசு கொடுத்து வாங்கி இருக்கிறார்கள்!

2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதிக்குப் பிறகு செய்த கார்களில், வேகம் 80 கிலோ மீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலி கேட்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் கேட்கும். இதற்கும் "ஒயரைப் பிடுங்கி விடுங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மெக்கானிக் அதை மறுக்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?"

இப்படிக் கேட்கும் பெரியவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் விளக்குகள் குறைவு. ஆனால் டிரைவர்கள் காலையில் எழுந்ததும் ஆயில் பார்த்தார்கள். தண்ணீர் பார்த்தார்கள். காற்று பார்த்தார்கள். என்ஜின் சத்தத்தில் சிறு மாறுதல் வந்தாலும் காது சொல்லி விடும். இன்று யார் முன்மூடியைத் திறந்து பார்க்கிறார்கள்? கையும் காதும் செய்த வேலையை விளக்கிடம் ஒப்படைத்து விட்டோம். விளக்கையும் பார்க்காவிட்டால் பிறகு யார்தான் காவல்?

"சில நேரம் கோளாறு இல்லாமலே விளக்கு எரிகிறதே" என்பதும் உண்மைதான். உணரும் கருவியே கெட்டுப் போவது உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? ஓட்டுகிறவரின் அவசரமா, மெக்கானிக்கின் சோதனைக் கருவியா?

பட்டாபிராமுக்குப் பக்கத்தில் ஆவடி இருக்கிறது. 1961-ம் ஆண்டு அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ம் ஆண்டு முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. இரும்புக் கோட்டை போன்ற டாங்கிக்குக் கூட மீட்டர் வேண்டி இருக்கிறது. மேல் கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் டிரைவர், என்ஜினின் நிலையை முள்ளையும் விளக்கையும் பார்த்தே தெரிந்து கொள்ள வேண்டும். டாங்கி ஓட்டும் வீரரே விளக்கை மதிக்கிறார். மெல்லிய தகரத்தால் ஆன காரில் குழந்தைகளை ஏற்றிச் செல்கிறவர் மதிக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

முதலில் லைசென்ஸ். பழகுநர் லைசென்சுக்கு எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11-வது விதி சொல்கிறது. சாலைக் குறிகளும் விதிகளும், விபத்து நடந்தால் டிரைவரின் கடமை, ஆள் இல்லாத ரெயில்வே கேட்டில் எடுக்க வேண்டிய ஜாக்கிரதை, கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள். இந்த நான்கும் அவசியம்தான். ஐந்தாவதாகச் சிவப்பு விளக்குகளையும் சேர்க்க வேண்டும். கிண்டிப் படத்தைக் காட்டி, "இது எரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். "நிறுத்துவேன்" என்று சொல்லத் தெரியாதவருக்கு லைசென்ஸ் எதற்கு?

அடுத்து, கார் விற்கிறவர்கள். காரோடு ஒரு புத்தகம் தருகிறார்கள். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பலர் அதைப் பிரிப்பதே இல்லை. ஒரே ஒரு தாள் போதும். பத்துப் படம், பத்து வரி தமிழ். அதைக் காரோடு கொடுக்கட்டும்.

மூன்றாவது, வீடு. விளக்கைப் பார்ப்பது அப்பாவின் வேலை மட்டும் அல்ல. பக்கத்தில் இருக்கும் அம்மாவும், பின்னால் இருக்கும் பிள்ளைகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒரு முறை எரியும். என்ஜின் ஓடியதும் அணையும். "நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்" என்று அவை வருகைப் பதிவு கொடுக்கின்றன! அப்போது ஏதாவது ஒன்று எரியவில்லை என்றால் அந்தக் காவல்காரன் தூங்கி விட்டான் என்று அர்த்தம். இந்த வருகைப் பதிவை எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். விளையாட்டாகவே செய்து விடுவார்கள்.

வெளிவட்டச் சாலையில் அந்த அம்மா சரியாகத்தான் கேட்டாள். "ஏதோ சிவப்பா எரியுதே?" என்றாள். அது என்ன விளக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், கேள்வியோடு விட்டிருக்க மாட்டாள். "வண்டியை நிறுத்துங்க!" என்று சொல்லி இருப்பாள்.

பட்டாபிராமில் ரெயில் நிற்கும்போது பயணிகள் முணுமுணுக்கிறார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஆனால், "சிவப்பைத் தாண்டிப் போ" என்று ஒருவர் கூடச் சொல்வது இல்லை. பச்சை விழுகிறது. ரெயில் புறப்படுகிறது. ஐந்து நிமிடம் தாமதம். அத்தனை பேரும் வீடு போய்ச் சேருகிறார்கள்.